பத்து ஆண்டுக் கோட்டையும் நானூறு ஆண்டுப் பேச்சும்

"யாழ்ப்பாணத்துக்கும் காலிக்கும் கண்டிக்கும் காலனித்துவ வரலாறு உண்டு, மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டையைத் தவிரச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?" என்பது கேள்வி. இதே கேள்வியை வெளியூரில் படித்த காலத்தில் என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். அன்று பதில் தெரியாமல் நின்றேன். பிறகு தேடத் தொடங்கி, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். பாடநூல்களில் எங்கள் ஊர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் இறங்கியதும், முதலில் பிடித்த கோட்டையும், கண்டி மன்னனோடு செய்த முதல் பெரிய உடன்படிக்கையும் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. அதைவிட எனக்கு வியப்பானது, வந்தவர்கள் விட்டுப்போக எண்ணியவற்றுள் பெரும்பாலானவை இங்கே நிலைக்காமல், அவர்கள் எண்ணாமலே விட்டுப்போன சில நிலைத்திருப்பதுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இன்று மட்டக்களப்பு என்றால் புளியந்தீவு நகரத்தை நினைக்கிறோம். பழைய வழக்கில் அது தெற்கே சம்மாந்துறையைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் குறித்தது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் தென்கோடியில், வயல்களின் நடுவே இருந்த ஆட்சியிடத்தின் பெயரை, வடக்கே வாவி கடலோடு சேரும் பக்கமாக ஐரோப்பியர் கோட்டை கட்டிய தீவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பழைய பயணக் குறிப்புகளில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் "மட்டக்களப்பு மன்னனைப்" பார்க்க ஏன் உள்நாட்டுக்குப் போனார்கள் என்பது விளங்கும். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இவை எல்லாம் ஒரே மாவட்டம். எனவே இந்தப் பதிலில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1601 மே மாதத்தில் ஒல்லாந்திலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டன. அவற்றின் பெயர்கள் தமிழில் சொன்னால் செம்மறி, கிடாய், குட்டி என்று வரும். தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஓர் ஆண்டுக்கு மேல் கடலில் அலைந்து, 1602 மே மாத இறுதியில் அவர் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். இங்கிருந்தவர்கள் அவரைப் போர்த்துக்கேயர் என்றே முதலில் சந்தேகித்தார்கள்; வெள்ளைத் தோலும் பெரிய கப்பலும் என்றால் இங்கே அதுவரை அறிந்தது பறங்கியரை மட்டுமே. சந்தேகம் தீர்ந்த பின்பு அவர் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். இருவருக்கும் பொதுவாகக் கைகொடுத்த மொழி போர்த்துக்கேயம். மன்னன் இளமையில் போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, அவர்களுடைய மொழியைத் தேர்ந்து, பிறகு அவர்களுக்கே பகைவனானவன். போர்த்துக்கேயரை நாட்டைவிட்டு எப்படித் துரத்துவது என்பதை இருவரும் போர்த்துக்கேய மொழி வழியே பேசிக்கொண்டார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மொழி இந்தக் கதைகளுக்குள் திரும்பத் திரும்ப வரும்.

ஸ்பில்பேர்கனின் வருகை நட்பாக முடிந்தது. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட்டின் வருகை அப்படி முடியவில்லை. இவர் யார் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1598 இல் மகெல்லன் நீரிணை வழியாகக் கிழக்கு நாடுகளை அடைவதற்கென ஒல்லாந்திலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. அவற்றுள் ஒன்று 1600 இல் ஜப்பான் கரையில் ஒதுங்கியது. அதில் வந்த வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் பின்னர் ஜப்பானிய ஆட்சியாளரின் ஆலோசகராக உயர்ந்தார். இன்னொரு கப்பலின் தலைவர்தான் டி வேர்ட். நீரிணையைத் தாண்ட முடியாமல், பசியிலும் குளிரிலும் ஆட்களை இழந்து அவர் திரும்பினார். திரும்பும் வழியில், 1600 ஜனவரியில், தென் அத்திலாந்திக் கடலில் சில தீவுகளைக் கண்டு குறித்தார். இன்று போக்லாந்து என வழங்கும் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள அந்தத் தீவுகளை ஆர்ஜென்டீனர் இன்றைக்கும் இவருடைய பெயரால் செபால்ட் தீவுகள் என்றே அழைக்கிறார்கள். உலகப்படத்தின் அடியில் பெயர் பதித்த அந்த மாலுமி உயிரை விட்டது மட்டக்களப்பு மண்ணில்.

அவர் 1602 நவம்பரில் இங்கே வந்து, கண்டிக்குப் போய் மன்னனைக் கண்டு, கோட்டைகளைப் பிடிக்க உதவுவதாக வாக்களித்தார். பிறகு அச்சே வரை சென்று, 1603 ஏப்ரலில் கூடுதல் கப்பல்களோடு மீண்டும் வந்தார். வந்தபின் நடந்தவை ஒன்றின்மேல் ஒன்றாகக் கசப்பை வளர்த்தன. கரையில் இறங்கிய மாலுமிகள் உணவுக்காக மாடுகளைக் கொன்றார்கள். மாட்டை எப்படிப் போற்றும் ஊர் இது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, மக்கள் கொதித்தார்கள். கடலில் பிடிபட்ட போர்த்துக்கேயக் கப்பல்களை, அதிலிருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காரணம் காட்டி டி வேர்ட் விடுவித்துவிட்டார். பகைவரை ஒப்படைப்பார் என்று நம்பியிருந்த மன்னனுக்கு அது துரோகமாகப்பட்டது. கடைசியாக, மட்டக்களப்புக்கு நேரில் வந்திருந்த மன்னனைக் கப்பலுக்கு வந்து பார்க்கும்படி அவர் வற்புறுத்தினார். மன்னன் மறுத்து, அரசி தனியே இருப்பதால் திரும்ப வேண்டும் என்று சொன்னபோது, மது மயக்கத்தில் இருந்த டி வேர்ட் அரசியைப் பற்றி இழிவாக ஒரு சொல் சொல்லிவிட்டார். அங்கேயே அவர் வெட்டி வீழ்த்தப்பட்டார்; கரையில் நின்ற ஏறக்குறைய ஐம்பது ஒல்லாந்தரும் கொல்லப்பட்டனர். நாள் 1603 ஜூன் 1.

அதன்பின் கப்பலில் எஞ்சியிருந்தவர்களுக்கு மன்னன் அனுப்பிய ஓலை மிகச் சிறியது. மது அருந்துபவன் நல்லவன் அல்லன், கடவுள் நீதி செய்தார், சமாதானம் வேண்டுமானால் சமாதானம், போர் வேண்டுமானால் போர் என்பதே அதன் கருத்து. அதுவும் போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டிருந்தது. நான் படித்த அரச கடிதங்களுள் இதைவிடச் சுருக்கமும் நிமிர்வும் உள்ள ஒன்றைக் கண்டதில்லை. இத்தகைய ஒரு நிகழ்ச்சி எங்கள் ஊரில் நடந்தது என்பதைச் சொல்ல இன்று நகரத்தில் ஒரு கல்வெட்டுக்கூட என் கண்ணில் பட்டதில்லை.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628 இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி. இன்றைய காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பும் இங்கே வணிகச் சோனகர் இருந்தார்கள். ஆயினும் ஒரு கரையிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இன்னொரு கரை வயல் கொடுத்த அந்தச் செய்தி, இப்பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர அறிந்திருக்க வேண்டியது.

போர்த்துக்கேயர் அந்தக் கோட்டையில் இருந்தது சரியாகப் பத்து ஆண்டுகள். 1636 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் ஒரு பிராமணர் கையில் கடிதம் கொடுத்து, தமிழ்நாட்டுக் கரையில் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தருக்கு அனுப்பி உதவி கேட்டான். 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அவன் தன் வலிமையாலேயே அழித்தான். அதே ஆண்டு மே 18 இல், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் பீரங்கிகளும் மன்னனின் படையும் சேர்ந்து நெருக்க, மட்டக்களப்புக் கோட்டை பணிந்தது. ஒல்லாந்தர் இலங்கையில் கைப்பற்றிய முதல் கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23 இல், இங்கேயே உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. போர்ச் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பொருள்களாகக் கொடுப்பான். யானை தவிர்ந்த வாணிகம் ஒல்லாந்தருக்கே உரியதாகும் என்பவை அதன் முக்கியமான சரத்துகள்.

ஆனால் உயிர் நிலையான சரத்து மூன்றாவது. கைப்பற்றும் கோட்டைகளில் யார் படை நிறுத்துவது என்பதை அது தீர்மானித்தது. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், "மன்னர் விரும்பினால்" ஒல்லாந்தர் அங்கே படை நிறுத்தலாம் என்ற பொருள்பட எழுதியிருந்தது. ஒல்லாந்தர் தங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய பிரதியில் அந்த வாசகம் இல்லை. இதை எழுதுபவர் கைத்தவறு என்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஒரு காணி உறுதியில் இப்படி இரண்டு சொல் விடுபட்டால் நம் ஊர்க் கிழவர்கள் அதை என்ன பெயரால் அழைப்பார்களோ, அதே பெயரால்தான் இதையும் அழைக்க வேண்டும். இந்த இரண்டு சொல்லைச் சுற்றியே அடுத்த இருபது ஆண்டுகள் கண்டியும் ஒல்லாந்தரும் இழுபறிப்பட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களவர் இன்றைக்கும் சொல்லும் பழமொழி, போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரை ஏற்ற அந்தக் கைமாற்றத்தைக் குறித்ததுதான். பாக்கிக்கான பணத்தைக் கேட்டுக் கண்டிக்குப் போன ஒல்லாந்தத் தளபதி கொஸ்டர், 1640 இல் கிழக்குக் கரைக்குத் திரும்பும் வழியில் துணைக்கு வந்த வீரர்களாலேயே கொல்லப்பட்டார். அவர்தான் மட்டக்களப்புக் கோட்டை முற்றுகையைத் தொடங்கி வைத்தவர்.

கோட்டையின் பிந்திய வரலாறு எனக்கு அவ்வளவு சுவையாகத் தோன்றியதில்லை. இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியும் சூழ்ந்த, நான்கு கொத்தளம் கொண்ட சிறிய கோட்டை அது. 1795 செப்டெம்பரில், திருகோணமலை வீழ்ந்த சில வாரங்களில், பெரிய எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு கச்சேரி, அதாவது மாவட்ட நிருவாக அலுவலகம், ஆயிற்று. அண்மைக் காலம் வரை அரசாங்கக் கந்தோர்கள் அதற்குள் இருந்து வந்தன. காணிப் பத்திரத்துக்கோ ஓய்வூதியக் கடிதத்துக்கோ வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர் வாசலில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் "கந்தோர்" என்ற சொல்லை ஒல்லாந்தரிடமிருந்து எடுத்து, அவர்கள் கட்டிய மதிலுக்குள்ளேயே நின்று பேசியிருக்கிறார்கள்.

அடுத்து, துயரம் கலந்த ஒரு கதை. 1813 டிசம்பர் இறுதியில் வெஸ்லியன் (மெதடிஸ்த) மிசனரிமார் சிலர் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டார்கள். அவர்களுள் வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவி கப்பலிலேயே இறந்து கடலில் அடக்கம் செய்யப்பட்டார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் கரை காணுமுன் 1814 மே மாதத்தில் கடலில் மறைந்தார். ஜூன் இறுதியில் காலியில் இறங்கியவர்கள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டபோது, ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். மனைவியை இழந்த சோகத்தோடு, மொழி தெரியாத ஊரில், சுடு காய்ச்சலுக்கு இடையே, அவர் பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே இருந்தார். 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஓர் ஆண்டைக்கூட அவர் இங்கே நிறைவு செய்யவில்லை. அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. யாழ்ப்பாணத்து மிசன் பள்ளிகளைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது, எழுதப்பட வேண்டியதும்தான். ஆனால் அவற்றுள் பெயர்பெற்ற பலவற்றுக்கு முன்பே இது தோன்றிவிட்டது. அதே கல்லூரியிலும் பிறகு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர்தான் காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனன். பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஓல்ட் விதைத்தபோது எண்ணியது வேறு, விளைந்தது வேறு. சைவத் துறவி ஒருவர் அந்த வகுப்பறைகளிலிருந்து எழுந்து வந்து பழந்தமிழ் யாழை ஆராய்வார் என்று எந்த மிசனரி நினைத்திருக்க முடியும்?

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் ஒரு விடயம்: முக்குவர் என்ற சமூகத்தாரின் பெயரால் வழங்கிய முக்குவர் சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை எல்லோரும் அறிவர். 1707 இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் தொகுத்தார்கள். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். மட்டக்களப்புக்கும் தனக்கென ஒரு வழமை இருந்தது. அதன்படி பரம்பரைச் சொத்தான முதுசம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. தாய்வழியில், மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஒருவன் தன் உழைப்பால் சேர்த்த தேட்டத்துக்கு வேறு விதி உண்டு. குடி என்ற தாய்வழிப் பிரிவும் இதனோடு சேர்ந்ததே. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பதவி முதல் திருவிழா உரிமை வரை பலவும் குடி முறையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன.

இந்த வழமையை அரசாங்கம் ஒருபோதும் சட்டமாகத் தொகுக்கவில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்ற தமிழ்ச் சட்டவறிஞர் 1876 இல் அதை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதே 1876 இல்தான் திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கண்டியருக்கும், முஸ்லிம்களுக்கும், தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கும் அதில் விலக்களிக்கப்பட்டது. முக்குவர் வழமைக்கு விலக்கு இல்லை. எழுத்தில் வந்த ஆண்டிலேயே அது சட்டத்தில் இறந்தது. இந்த ஓர் ஆண்டுத் தற்செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். யாழ்ப்பாணத்தில் ஓர் ஒல்லாந்த அதிகாரி உட்கார்ந்து எழுதிவைத்த காரணத்தால் ஒரு வழமை பிழைத்தது. இங்கே யாரும் எழுதிவைக்காத காரணத்தால் இன்னொன்று போயிற்று.

ஆனால் நீதிமன்றத்தில் இறந்தது வீட்டில் இறக்கவில்லை. படுவான்கரையிலோ, அக்கரைப்பற்றிலோ, திருக்கோவிலிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருகிறார். வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படுகிறது. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால், பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறி, இளைய மகளுக்காக மறுபடியும் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவார்கள். இந்தப் பழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்து ஊர் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு பெண்ணுக்கே. அங்கேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில்கூடக் குடிக்கு இடமிருந்தது. முக்குவரும் முஸ்லிம்களான பட்டாணியரும் ஒன்றுசேர்ந்து திமிலர் என்ற இன்னொரு சமூகத்தாரை விரட்டியதாகவும், நன்றிக்கடனாக முக்குவப் பெண்களைப் பட்டாணியருக்கு மணம் செய்து கொடுத்ததாகவும் ஓர் ஐதீகம் இங்கே வழங்குகிறது. சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை முதலிய ஊர்ப்பெயர்கள் அந்தத் துரத்தலின்போது ஏற்பட்டவை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரு சமூகமும் ஒரே குடி முறையைப் பகிர்ந்துகொள்வதற்கு ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட விளக்கம் அது.

பாடும் மீன்களைப் பற்றிக் கேட்காமல் யாரும் மட்டக்களப்பை விட்டுப் போவதில்லை; எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். 1848 செப்டெம்பரில் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கே வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை கேட்பதாகச் சொன்ன ஊரவர் பேச்சை அவர் தள்ளிவிடவில்லை. நிலா வெளிச்சத்தில் வள்ளத்தில் போய்த் தாமே கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வைப் போலவும், நரம்பிசையின் மெல்லிய நடுக்கத்தைப் போலவும் அது இருந்ததென்றும், ஒரே ஒலியாக அல்லாமல் தனித்தனிச் சின்ன ஒலிகள் பலவாகக் கேட்டதென்றும், வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது மிகுந்து ஒலித்ததென்றும் எழுதினார். மீனவர்கள் அவரிடம் சொன்னது மீன் என்றல்ல, ஊரி என்று. வாவியின் அடியில் கிடக்கும் சிப்பியினம்தான் கத்துகிறது என்றார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவி ஒருவர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது.

கேட்கும் முறை மிக எளிது. நிலாக் காலத்தில், காற்று அடங்கிய இராத்திரியில், கல்லடிப் பாலத்தடிக்கு வள்ளத்தில் போக வேண்டும். துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் அமிழ்த்தி, பிடியைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முதலில் உங்கள் மூச்சுத்தான் கேட்கும். மூச்சு அமைந்த பிறகு, வீணையின் ஒற்றை நரம்பைத் தூரத்தில் யாரோ மீட்டிவிட்டு விட்டுவிட்டது போல ஒன்று, பிறகு அதற்குச் சற்று விலகிய சுருதியில் இன்னொன்று. 1924 இல் திறக்கப்பட்டு, அன்றைய தேசாதிபதியின் மனைவி பெயரால் லேடி மனிங் எனப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் வாகனம் ஏறினால் எல்லாம் போய்விடும். தகடுகள் அதிரும் சத்தம் நீருக்குள்ளும் இறங்கும். 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பழையதில் அந்தப் பாரம் குறைந்திருக்கிறது.

அந்த யேசுசபையினர் இங்கே எப்படி வந்தார்கள் என்பதும் அதிகம் பேசப்படாத கதையே. பிரெஞ்சுத் துறவிகள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரிக்கு இரண்டாம் உலகப் போரையொட்டி அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, நியூ ஓர்லியன்ஸ் மாகாணத் துறவிகள் வந்தார்கள். அவர்களோடு கூடைப்பந்தாட்டமும் வந்தது. கிரிக்கெட்டில் மூழ்கியிருந்த நாட்டில், ஒரு வாவிக்கரைப் பள்ளி கூடைப்பந்தில் கொழும்புப் பள்ளிகளை வெல்லத் தொடங்கியது அதனால்தான். அந்த அணிகளைப் பயிற்றுவித்த லூசியானாக்காரர் அருட்தந்தை யூஜின் ஹெபேட் 1990 ஆகஸ்ட் 15 இல், கலவரக் காலத்தில், வாழைச்சேனைப் பக்கமிருந்து நகரத்துக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். திரும்பவே இல்லை. இந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு காணாமல் போனவர்களின் வீடுகள் எத்தனையோ. அவர் பெயரை எழுதும்போது அந்த வீடுகளையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கடலுக்குள் கிடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு அமைக்கத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் என்று கடற்படை வரலாற்றில் பெயர்பெற்ற பிரித்தானியரின் ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 இல், ஜப்பானியத் தாக்குதல் வருமென்ற எச்சரிக்கையால் முதல்நாளே திருகோணமலையிலிருந்து தெற்கே விலகியிருந்த அது, மறுபடி துறைமுகப் பாதுகாப்பை நோக்கித் திரும்பும்போது ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. சில நிமிடங்களுக்குள் கப்பல் போயிற்று. 307 பேர் இறந்தனர். கூட வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் மூழ்கின. அருகில் நின்ற வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியது. இப்போது சுழியோடிகள் உலகின் பல பக்கங்களிலிருந்தும் அதைப் பார்க்க வருகிறார்கள்.

கடைசியாக, தொடக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்ன மொழிக்கு வருகிறேன். போர்த்துக்கேயக் கோட்டை இங்கே நின்றது பத்து ஆண்டு. ஆனால் போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த ஒரு மொழியை மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள, போர்த்துக்கேயர் வழிவந்தவர்களான பறங்கியர் குடும்பங்கள் இன்றும் வீட்டில் பேசுகின்றன. இது எப்படி நிலைத்தது? கண்டி மன்னனும் ஒல்லாந்தனும் அதில்தான் பேசினார்கள், உடன்படிக்கை அதில்தான் எழுதப்பட்டது என்பதை மேலே கண்டோம். துறைமுகங்களின் பொதுமொழி அது. ஒல்லாந்தர் ஆட்சியைப் பிடித்த பிறகும் அவர்களுடைய வீடுகளில் தாய்மாரும் ஆயாமாரும் பேசியது ஒல்லாந்தமல்ல, இதுவே. ஆளவந்தவரின் மொழி கச்சேரியோடு போயிற்று. அடுப்படியில் பேசியது தங்கியது.

தங்கிய மொழி தமிழைப் போல ஆகிவிட்டது என்பதுதான் அதன் அழகு. சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியம் கட்டும் முறை நம்முடையது. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் வினை நடுவில் வரும். இதில் கடைசியில் வரும். அங்கே பெயருக்கு முன்னால் வரும் சொற்கள், இங்கே நமது வேற்றுமை உருபுகளைப் போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. "எனக்குப் பசிக்கிறது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் இங்கே வந்து இதைப் பதிவுசெய்து போயிருக்கிறார்கள். கடன் ஒருபக்கமாக மட்டும் போகவில்லை. கதிரை, மேசை, வாங்கு, அலமாரி, சப்பாத்து, துவாய், குசினி, பாண் என்று காலையில் எழுந்தது முதல் நாம் வாயெடுக்கும் சொற்களில் எத்தனை அவர்களுடையவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

தச்சும் இரும்புவேலையும் இயந்திரம் திருத்துவதும் இந்தக் குடும்பங்களின் பழைய தொழில். என் சிறுவயதில் எங்கள் தெருவில் கதவு நிலை செய்யக் கொடுத்திருந்த பட்டறை ஒன்றில் மூத்த தச்சர் ஒருவர் தம் மகனிடம் "இழைப்புளியைக் கொண்டு வா" என்பதை அந்த மொழியில் சொல்ல, மகன் தமிழில் மறுமொழி சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு மொழி ஒரு தலைமுறையில் எப்படிக் கைநழுவுகிறது என்பதை அன்று புரிந்துகொள்ளவில்லை. பிறகு பலர் அவுஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறியபோது, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் கரை முதலில் அடிபட்டது. அந்தச் சிறிய சமூகம் ஒரே காலையில் பெரும் எண்ணிக்கையில் தன் ஆட்களை இழந்தது. இழந்தவர்களோடு அந்த மொழியை நன்றாகப் பேசிய வாய்களும் போயின.

இருந்தும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கியதும், வயலினும் மேளமும் தொடங்கும். கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டத்துக்குச் சோடி சேர்ந்து வரிசையில் நிற்பார்கள். பாட்டி பாட்டை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் முழுக்கத் தமிழே பேசி வளர்ந்த பேத்தி, சொல்லின் பொருள் பாதி தெரியாமலே அடுத்த அடியைச் சரியான இடத்தில் பிடிப்பாள்.